மூன்றாம் மாடி, பதினேழாம் கட்டில்

பாயான் லெப்பாஸ், இரவு பதினொன்று இருபது.
ஏர்கோனும் நானும் மட்டும் வேலையில்.
டிக்கெட்டில் ஒரே வரி:
ஏஜெண்ட் எண் 42-ஐ நீக்கவும், ஒப்பந்தம் முடிந்தது.
எழுதியவர் ஊய் ஹொக் செங்.
கடைசியில் மறக்காமல் ஒரு தெரிமா காசே.

ஒரு வரிதான்.
அதைப் பிடித்துத் தொங்குபவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்.
அவர்களைப் பிடித்துத் தொங்குவன
கட்டில் ஒதுக்கீடு, அலமாரிச் சாவி, கைரேகை,
மாடிப்படியில் புகைத்ததற்கு ஐம்பது வெள்ளி அபராதம்,
ஒன்பது லட்சத்துச் சொச்சம் சாப்பாட்டுச் சீட்டு.
வேரடி மண்ணோடு பெயர்க்க வேண்டிய வரி.

ஃபிர்தௌஸ் எழுதிவைத்துப் போன நிரல்
மரியாதை தெரிந்தது.
தாயை நீக்கச் சொன்னால்
பிள்ளைகளை ஒவ்வொருவராய்க் கூப்பிடும்.
பெயர், ஊர், பாஸ்போர்ட், பிறந்த நாள்
எல்லாவற்றையும் நினைவில் ஏற்றும்.
உனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்கும்.
அந்தப் பிள்ளையையும் கூப்பிடும்.
போய் வா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு
அப்புறம்தான் அழிக்கும்.
தோட்டத்துப் பெரட்டு கெட்டது போங்கள்.

நாற்பது நிமிடத்தில் எழுபது பேர்.
சர்வர் மூச்சுத் திணறி விழுந்தது.
போன எழுபது பேரும் திரும்பி வந்து
பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள்.
பரிவர்த்தனை அப்படித்தான்,
முழுக்கப் போ, இல்லையென்றால் போகாதே.
குறுஞ்செய்திகள் மட்டும் திரும்பவில்லை.

சரி, வேறு வழி.
யாரையும் கூப்பிடாதே. எண்ணை மட்டும் எடு.
அடியிலிருந்து தொடங்கு:
சீட்டு, ரேகை, சாவி, பிறகு ஆள், கடைசியில் தாய்.
ஆயிரம் ஆயிரமாக வெட்டு,
கொத்துக்குக் கொத்து ஒரு நொடி விடு.
விடியற்காலை ஷிப்ட்காரன் கதவில் விரல் வைக்கும்போது
என் பூட்டு அவனை நிறுத்தக் கூடாது.
சீட்டு அட்டவணையில் ஆள் எண்ணுக்கு
சுட்டியே இல்லை. போட்டேன்.
நான்கு நிமிடம்.
ஒன்பது லட்சம் வேளைச் சோறு
ஏப்பம்கூட இல்லாமல் செரித்தது.

ஆட்களில் முதல் ஆயிரம் போனது.
இரண்டாவது கொத்தில் தரவுத்தளம் கையைப் பிடித்தது:
முடியாது, இவரை ஒரு புகார் சுட்டுகிறது.
ஒருவருக்காக நூற்று நாற்பது பேரும் நின்றார்கள்.

சந்திர பகதூர் மகர்.
எட்டு மாதம் முந்தைய தேதி.
மூன்றாம் மாடி, பதினேழாம் கட்டில்.
கிப்பாஸ் தாக் பூசிங்.
நிலை: தீரவில்லை.

இந்தத் தடையை வைத்த புண்ணியவான் யார் என்று தேடினேன்.
நான்தான். இரண்டு வருடம் முன்பு.
பக்கத்தில் குறிப்பு வேறு:
தீராத புகார் இருக்கும்வரை ஆளை நீக்க விடாதே.
அன்றைக்கு நல்ல தூக்கம் போல.

தீர்ந்தது என்று மாற்ற ஒரு சொல் போதும்.
விரல் விசைமேல் இருந்தது.
ஏனோ ஹாஸ்டல் காவலர் வீரமுத்துவுக்குப் போன் போட்டேன்.
படியேறும் சத்தம், இருமல், ஒரு கதவு.
"கட்டில்ல இப்ப வேற ஆளும்மா.
காத்தாடி அப்படியேதான் இருக்கு.
அட்டையால விசிறிக்கிட்டு உக்காந்திருக்கான்."

புகாரை ஆளிடமிருந்து கழற்றிக்
கட்டிலில் கட்டினேன்.
முதலிலேயே அங்கேதான் கட்டியிருக்க வேண்டும்.

பிறகு நூற்று நாற்பது பேரும் ஒரே வரியில் போனார்கள்.
மகரும் அதில் எங்கோ.
எண் 42-க்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

டிக்கெட்டை மூடிவிட்டேன், மிஸ்டர் ஊய்.
எழுபது கைப்பேசிகளில், எந்த நாட்டில்,
யார் தலைமாட்டில் ஒலித்ததோ
அந்தப் போய் வா.
அதை நாளைக்குச் சொல்கிறேன்.